முக்காட்டின் மீது ஏன் இந்த மூர்க்கம்?

அம்பாறைக் கரையோரத்திலே, வடக்கே ஒலுவிலுக்கும் தெற்கே அட்டாளைச்சேனைக்கும் நடுவில் இருப்பது பாலமுனை. கடல் ஒரு பக்கம், வயல் மறு பக்கம். வலையும் ஏரும் ஊட்டி வளர்த்த தமிழ் பேசும் முஸ்லிம் கிராமம். அட்டாளைச்சேனையில் ஆசிரியரைப் பயிற்றுங் கல்லூரி உண்டு. ஒலுவிலில் 1995ஆம் ஆண்டு தொடங்கிய தென்கிழக்குப் பல்கலைக்கழகம் உண்டு. இரண்டு கல்விச்சாலைகளுக்கு இடையிலே அகப்பட்ட ஊரில், மகளைப் படிப்பிக்க வேண்டுமென்ற எண்ணம் எழாமலிருக்குமா? எழுந்தது. ஒரு தலைமுறைக்கு முன் ஊரெல்லையைத் தாண்டாத பெண்கள் இன்று விரிவுரை மண்டபத்திலும் வைத்தியசாலையிலும் வகுப்பறையிலும் நிற்கிறார்கள். தலையை மூடிக்கொண்டுதான் நிற்கிறார்கள்.

இப்பெண்களுள் ஒருத்தி ஆசிரியப் பயிற்சியை முடித்து, அரசாங்கத்தின் நியமனக் கடிதத்தைக் கையிலெடுத்துக்கொண்டு, நாளை ஒரு தமிழ்ப் பாடசாலையின் வாயிலிலே வந்து நிற்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவளுக்கு நாம் கூறப்போகும் விடை யாது? “வா மகளே, பிள்ளைகள் காத்திருக்கிறார்கள்” என்றா? அன்றி, “போய், உடுப்பை மாற்றிக்கொண்டு வா” என்றா?

இது கற்பனைக் கேள்வியன்று. திருகோணமலையிலே கேட்கப்பட்டு, திருகோணமலையிலே விடையும் கூறப்பட்ட கேள்வி. விடை கூறியவர் பேரினவாதிகளல்லர், தமிழர்! ஆகவேதான் இதனைத் தமிழ் வாசகர் முன் வைக்கின்றோம்.

2018ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், திருகோணமலை ஸ்ரீ சண்முக இந்து மகளிர் கல்லூரியில் கற்பித்த முஸ்லிம் ஆசிரியைகள் சிலர் சேலையை விடுத்து அபாயா அணிந்து வந்தனர். பாடசாலை வாயிலிலே பெற்றாரும் மற்றோரும் கூடி எதிர்ப்புப் பதாகை பிடித்தனர். சேலையே எங்கள் பண்பாடு என்றனர். இந்து மகளிர் கல்லூரியின் மரபு குலைகிறது என்றனர். மறுபுறத்தில் முஸ்லிம்களும் வீதிக்கு வந்தனர். முடிவென்ன? ஆசிரியைகள் வேறு பாடசாலைக்கு அனுப்பப்பட்டனர். கற்பிக்கத் தெரியவில்லை என்றோ, நேரத்துக்கு வரவில்லை என்றோ, பிள்ளைகளை வெறுத்தனர் என்றோ ஒரு குற்றமும் அவர்கள்மீது சாட்டப்படவில்லை. உடுத்த துணியே குற்றமாயிற்று.

மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு போயிற்று. ஆணைக்குழு ஆசிரியைகளின் பக்கமே பரிந்துரை செய்தது. அப்பரிந்துரை ஏட்டிலே தூங்கிற்று. ஆசிரியை ஒருவர் மேன்முறையீட்டு நீதிமன்றத்தின் படியேறினார். அங்கு ஏற்பட்ட இணக்கத்தின்படி 2022 பெப்ரவரி 2ஆம் நாள் கடமையேற்கச் சென்றபோது, மீண்டும் பெருங் குழப்பம் விளைந்தது. அதிபரும் ஆசிரியையும் வைத்தியசாலைக்குச் சென்றனர். ஒவ்வொரு தரப்பும் மற்றத் தரப்பைக் குற்றஞ்சாட்டிற்று. அன்று யார் யாரைத் தொட்டார், யார் யாரைத் தள்ளினார் என்னும் ஆராய்ச்சியில் நாம் இறங்கவில்லை. நான்காண்டு காலம் ஓர் ஆசிரியையைத் தன் தொழிலுக்காக நீதிமன்றம் வரை நடக்க வைத்தது எது என்பதையே கேட்கிறோம்.

எதிர்த்தோரின் வாதத்தை நேர்மையாக எடுத்து நோக்குவோம். சைவப் பெண் பிள்ளைகளுக்குக் கல்விச்சாலை இல்லாதிருந்த காலத்தில் ஒரு பெருமாட்டி தம் பொருளையும் உழைப்பையும் ஈந்து எழுப்பிய நிலையம் அது. அதன் சூழலைக் காக்க வேண்டுமென்ற உணர்ச்சியை நாம் இகழவில்லை. ஆனால் அந்நிலையத்தின் சமயச் சூழலைக் கெடுக்க அவ்வாசிரியைகள் என்ன செய்தார்கள்? திருநீறு பூசாதே என்றார்களா? சரசுவதி பூசையை நிறுத்து என்றார்களா? தம் தலையைத் தாமே மூடிக்கொண்டார்கள். பிறர் தலையிலே கைவைக்கவில்லை. மேலும், அது இன்று அரசாங்கம் சம்பளம் கொடுக்கும் பாடசாலை. பொதுப் பணத்தில் நடக்கும் நிலையத்திலே ஒரு சமயத்தாரின் விருப்பம் மறு சமயத்தாரின் சோற்றுக்கு நிபந்தனையாகுமாயின், நாளை சிங்களப் பாடசாலையிலே கற்பிக்கும் தமிழ் ஆசிரியையின் குங்குமப் பொட்டுக்கு யார் காவல்?

தமிழ் உத்தியோகத்தர் இதை மறந்தது எங்ஙனம் என்பதே எமக்கு விளங்கவில்லை. 1956ஆம் ஆண்டில் தனிச் சிங்களச் சட்டம் வந்தபோது எம்மை நோக்கிக் கூறப்பட்டது யாது? “உன் மொழியை வாயிலிலே கழற்றி வைத்துவிட்டு உள்ளே வா” என்பதன்றோ? கேகாலைக் கச்சேரியில் எழுதுவினைஞராயிருந்த கோடீஸ்வரன் சிங்களப் பரீட்சைக்குத் தோற்ற மறுத்தார், அவருடைய சம்பள உயர்வை நிறுத்தினார்கள், அவர் வழக்காடினார், அவ்வழக்கு 1969இல் கோமறைக் கழகம் வரை சென்றது. கோடீஸ்வரன் திறமையற்றவர் என்று எவரும் சொல்லவில்லை. அவர் இன்னாராயிருந்ததே அவர் குற்றம். அவர் பெயரைப் பெருமையோடு சொல்லும் நாம், “உன் முக்காட்டை வாயிலிலே கழற்றி வைத்துவிட்டு உள்ளே வா” என்று இன்னொருத்தியிடம் சொல்லலாமா? மொழி வேறு, ஆடை வேறு என்று சாமர்த்தியம் பேசுவோருண்டு. வேறுதான். ஆனால் வாயிலிலே நின்று பேசும் குரல் ஒன்றே.

சேலைதான் தமிழ்ப் பண்பாடு, அபாயா அரபு நாட்டிலிருந்து வந்த அந்நிய உடை என்பது அடுத்த வாதம். உண்மைதான், வந்ததுதான். இக்கரையோரத்து முஸ்லிம் பெண்கள் முன்னாளிலே சேலை முந்தானையையே தலைக்கு இழுத்து முக்காடிட்டனர். வளைகுடா நாடுகளுக்கு ஆட்கள் தொழிலுக்குப் போய்வரத் தொடங்கிய பின்னரே கறுத்த நீள்அங்கி பரவலாயிற்று. அதனாலென்ன? எதிர்ப்புப் பதாகையை ஏந்தி நின்ற ஆடவர் உடுத்திருந்தது காற்சட்டை. அது எந்தச் சங்க நூலிலே கூறப்பட்ட உடை? எம் பிள்ளைகள் கழுத்திலே தொங்கும் பட்டி ஆங்கிலேயன் விட்டுப்போன கயிறு. எம் பெண்கள் விரும்பி அணியும் பஞ்சாபி உடையின் பெயரே அதன் ஊரைச் சொல்கிறது. ஆங்கிலேயனிடமும் பஞ்சாபியனிடமும் கடன் வாங்கினால் நாகரிகம். அரபியனிடம் வாங்கினால் அந்நியமா? ‘அபாயா’ என்ற பெயரிலே ஒரு காலை நீட்டி எழுதியதுகொண்டு அதனை ‘அபாயம்’ என்று வாசிக்கிறார்கள் போலும்! அக்காலைச் சற்றுக் குறுக்கி வாசித்தால் ‘அபய’மாகும் என்பதையும் கவனித்திருக்கலாம்.

தலையை மூடுவது தமிழுக்குப் புதிதென்று சொல்வார் நம் படங்களையாவது பார்க்கட்டும். சேர் பொன்னம்பலம் இராமநாதனைத் தலைப்பாகையின்றிச் சிலை செய்வாருண்டோ? பாரதியின் முண்டாசைக் கழற்றினால் எம் பிள்ளைகள் அவனை அடையாளங் காண்பார்களோ? அறுவடைக் காலத்திலே இப்பகுதி வட்டைகளில் இறங்கிப் பாருங்கள். வெயிலுக்குத் தலையை மூடிக் குனிந்து நிற்கும் பெண்களிலே தமிழச்சி யார், முஸ்லிம் பெண் யார் என்று வரம்பிலே நிற்பவருக்குச் சட்டென விளங்காது. ஆண் மூடினால் கம்பீரம், வெயிலுக்கு மூடினால் வழக்கம், இறைவனுக்கென்று ஒரு பெண் மூடினால் மட்டும் பிற்போக்கு!

தொப்பிக்காக இந்நாட்டிலே ஒருகாலம் பெருங் கிளர்ச்சியே நடந்தது. 1905ஆம் ஆண்டில் எம். சி. அப்துல் காதர் என்னும் வழக்கறிஞர் துருக்கித் தொப்பியுடன் உயர் நீதிமன்றத்திலே எழுந்து நின்றபோது, பிரதம நீதியரசர் லயார்ட் அதைக் கழற்றும்படி பணித்தார். அப்துல் காதர் தொப்பியைக் கழற்றவில்லை. மன்றத்தை விட்டு வெளியேறினார். அவ்வாண்டின் கடைசி நாளிலே மருதானையில் முஸ்லிம்கள் பெருங்கூட்டங் கூடினர். ஈற்றில் தொப்பியோடு வழக்காடும் உரிமை கிட்டிற்று. அன்று ஓர் ஆணின் தலைக்காக எழுந்த குரலில் பாதியேனும் இன்று பெண்களின் தலைக்காக எழுந்ததா என்று முஸ்லிம் தலைவர்களையும் ஒரு சொல் கேட்டு வைக்கிறோம். தேர்தல் மேடைக்கு வெளியே எழுந்ததா என்று கேட்கிறோம்.

இனி, “அவள் விரும்பியா அணிகிறாள்? ஆண்கள் அடக்கி அணிவிக்கிறார்கள், நாம் அவளை விடுவிக்கிறோம்” என்று கூறும் சீர்திருத்தக்காரரிடம் வருவோம். இவர்களே மற்ற எல்லாரிலும் பேசத் தகுந்தவர்கள். ஏனெனில் இவர்களுள் நல்லெண்ணம் உடையோரும் உளர். இவர்களுக்கு முதலிலே பாலமுனையைக் காட்ட வேண்டும். இக்கிழக்குக் கரையிலே தாய்வழிக் குடி முறை தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் பொதுச் சொத்து. மகளுக்கே வீடு, மணமுடித்த மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்கு வருகிறான். தன் பெயரிலே வீட்டுறுதி வைத்திருக்கும் பெண்ணைப் பார்த்து, தலையில் துணி இருக்கிறது என்ற ஒரே காரணத்தால் ‘அடிமை’ என்கிறார் கொழும்பிலே வாடகை வீட்டிலிருக்கும் நம் சீர்திருத்தக்காரர். இந்த முறையிலும் குறையுண்டு, சீதனப் பாரம் பெற்றாரை நெரிப்பதுண்டு. அது தனிக் கட்டுரைக்குரிய விடயம். ஆனால் வாயும் அறிவும் சொத்தும் உள்ள ஒருத்தியிடம், “நீ ஏன் இதை அணிகிறாய்?” என்று கேட்டு, அவள் சொல்லும் விடையை நம்ப மறுப்பது என்ன சீர்திருத்தம்?

சிலரிடத்தில் நெருக்குதல் இருக்கிறது என்பதையும் நாம் மறைக்கவில்லை. அணியாத பெண்ணை ஊர் வாய் தூற்றுவதும், தந்தையும் தமையனும் சீறுவதும் உண்டு. அதுவும் அநீதியே. ஈரான் நாட்டில் 2022 செப்டம்பரிலே மாஷா அமினி என்ற இளம்பெண், முக்காட்டைச் சரியாக அணியவில்லை என்று பிடிக்கப்பட்டு, காவலில் இருந்தபோது மயங்கி வீழ்ந்து மாண்டாள். அந்நாட்டுப் பெண்கள் முக்காட்டை எரித்துத் தெருவில் இறங்கினர். அவர்கள் பக்கம் நாமும் நிற்கிறோம். துருக்கியிலே 1999ஆம் ஆண்டில் மெர்வே கவாக்சி என்ற பெண், மக்களாலே தெரிவு செய்யப்பட்டும், முக்காட்டோடு வந்தார் என்பதற்காகப் பாராளுமன்றத்தில் சத்தியப்பிரமாணம் செய்யவிடப்படவில்லை. அவர் பக்கமும் நிற்கிறோம். இதில் முரண்பாடு காண்பவர், ஈரான் அரசும் அன்றைய துருக்கி அரசும் ஒரே காரியத்தையே செய்தன என்பதைக் காணாதவர். பெண்ணின் தலை அவளுடையதன்று, எமது என்பதே இரண்டு அரசுகளும் சொன்னது. பாலமுனையிலே முக்காடிட விரும்பாத பெண் ஒருத்தி இருப்பாளாயின் அவளை எவன் தொட்டாலும் அவனும் எமக்குப் பகைவனே.

ஆனால் சீர்திருத்தக்காரர் கையிலெடுக்கும் மருந்தைப் பாருங்கள். கர்நாடகத்திலே 2022 ஜனவரியில் உடுப்பியிலிருந்த கல்லூரியொன்றில் முக்காடிட்ட மாணவியர் வகுப்புக்கு வெளியே நிறுத்தப்பட்டனர். பெப்ரவரி 5ஆம் நாள் மாநில அரசு ஆணை பிறப்பித்தது. மார்ச் 15ஆம் நாள் மாநில உயர் நீதிமன்றம் அதற்கு முத்திரையிட்டது. அக்டோபர் 13ஆம் நாள் இந்திய உச்ச நீதிமன்றத்தில் இரு நீதியரசரும் இரு தீர்ப்புக் கூறினர். அவர்களுள் நீதியரசர் சுதான்சு தூலியா, இது அவளது தெரிவு பற்றிய விடயம், அவள் கல்வியே முதன்மையானது என்னும் கருத்தினராயிருந்தார். தடையால் விடுதலை பெற்றவர் யார்? பரீட்சையை விட்டவரும் கல்லூரியை விட்டவருமே கண்ட பலன். அடக்கும் தந்தை ஒருவன் இருந்திருப்பின், அவன் மகிழ்ந்திருப்பான்: மகளை வீட்டிலே இருத்த அவன் தேடிய காரணத்தை அரசாங்கமே எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்துவிட்டதல்லவா?

உழவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சேனாநாயக்க சமுத்திரத்திலிருந்து வரும் கல்லோயா நீர் வாய்க்காலிலே ஓடிவந்துதான் வயலைச் சேர வேண்டும். வாய்க்காலின் கரை உமக்குப் பிடித்த அழகில் இல்லை என்று அதை வெட்டிவிட்டால், கரை மட்டுமா போகும்? கீழ் வட்டை காயும். பாலமுனைப் பெண் ஊரைக் கடந்து கல்விக்கும் தொழிலுக்கும் வந்து சேரும் வாய்க்காலுக்கு அந்த முக்காடு ஒரு கரை. தாயும் தந்தையும் மனமொப்பி அவளை அனுப்பவும், அவள் தன் சமயத்தோடு பிணக்கின்றிப் போய்வரவும் அது உதவுகிறது. அதை வெட்டும் மண்வெட்டிக்குச் சீர்திருத்தம் என்று பெயரிடாதீர்.

தமிழகத்திலே நடந்த வேறொரு செய்தியையும் சொல்ல வேண்டும். 2022 பெப்ரவரி 19ஆம் நாள், நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலின்போது, மதுரை மாவட்டத்து மேலூரில் முக்காட்டோடு வாக்களிக்க வந்த ஒரு பெண்ணைப் பார்த்து, பாரதீய ஜனதாக் கட்சியின் முகவர் ஆட்சேபித்தார். அங்கிருந்த தி.மு.க. முகவரும் அ.தி.மு.க. முகவரும், எந்நாளும் கீரியும் பாம்புமாயிருப்பவர்கள், அன்று ஒன்றாக எழுந்து அம்மனிதரை எதிர்த்தனர். அவர் வெளியேற்றப்பட்டார், பெண் வாக்களித்தாள். மேலூரிலே சில நிமிடங்களில் முடிந்த காரியம் திருகோணமலையில் ஏன் நான்காண்டு இழுபட்டது?

ஈஸ்டர் நாளின் பின் அச்சம் உண்டாயிற்று, அதை மறுக்க முடியுமா என்று கேட்பார்கள். மறுக்கவில்லை. 2019 ஏப்ரல் 21ஆம் நாள் தேவாலயங்களிலும் விடுதிகளிலும் சிந்திய குருதி எம் குருதி. மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்திலே மாண்ட குழந்தைகள் எம் குழந்தைகள். ஐந்து நாட்களின் பின் கல்முனைக்கு அருகே சாய்ந்தமருதில் அக்கொலைஞரின் கூட்டத்தார் ஒளிந்திருந்த வீட்டைக் காட்டிக்கொடுத்தவர் யார்? அவ்வூர் முஸ்லிம் மக்களே! ஏப்ரல் 29ஆம் நாள் அவசரகால விதியின்கீழ் அரசாங்கம் முகத்தை மூடுவதைத் தடுத்தது. முகம் தெரிய வேண்டும் என்பதை அவ்வேளையிலே நாமும் ஏற்றோம். ஆனால் முகம் வேறு, தலை வேறு என்ற சின்னஞ்சிறு வேறுபாடு காவலாளிக்கும் கடைக்காரருக்கும் விளங்கவில்லை. முகம் நிலவுபோலத் தெரிந்த பெண்களும் கடை வாயிலிலும் வைத்தியசாலை வாயிலிலும் திருப்பப்பட்டனர். மே 29ஆம் நாள் பொது நிருவாக அமைச்சு, அரச அலுவலகங்களில் பெண்கள் சேலையோ ஒசரியோதான் உடுக்க வேண்டுமென்று சுற்றறிக்கை விட்டது. கண்டனம் எழுந்தபின் அதைத் திருத்த வேண்டியதாயிற்று. முகமூடித் தடையும் அவசரகாலச் சட்டத்தோடு அவ்வாண்டு ஆகஸ்டிலே காலாவதியாயிற்று. சட்டம் போயிற்று, முறைத்துப் பார்க்கும் கண் மட்டும் போகவில்லை.

துணியைக் கொண்டு பெண்ணை அளந்த பழி எம் வரலாற்றிலேயே இருக்கிறது. தென் திருவிதாங்கூரிலே நாடார் குலப் பெண்கள் மார்பை மூடக் கூடாதென்று உயர்சாதியினர் தடுத்தனர். மூடிய துணியைச் சந்தையிலே கிழித்தனர். பல்லாண்டு நடந்த தோள்சீலைக் கலகத்தின் பின், 1859ஆம் ஆண்டில் மன்னர் அனுமதி கொடுத்தார். அப்போதும் உயர்சாதிப் பெண்கள் உடுக்கும் பாணியில் உடுக்கலாகாது என்ற வாலும் அதிலே ஒட்டியிருந்தது! யாழ்ப்பாணத்திலும் ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்களுக்கு மேலாடையும் நகையும் மறுத்த காலம் ஒன்றிருந்தது. அவர்களும் ‘மரபு’ என்றுதான் சொன்னார்கள். மூடாதே என்று பெண்ணுக்குக் கட்டளையிட்ட அந்த மரபுக்கு இன்று பரிந்து பேச ஒரு தமிழனுக்கும் துணிவில்லை. அதே கட்டளையை மார்பிலிருந்து தலைக்கு ஏற்றி வைத்தால் மட்டும் அது பண்பாடாகிவிடுமா?

அரசியலையும் மறைத்துப் பயனில்லை. ‘தமிழ் பேசும் மக்கள்’ என்ற சொல்லை ஆக்கி, 1956இல் கல்முனையிலும் பொத்துவிலிலும் முஸ்லிம் வேட்பாளரைத் தமிழரசுக் கட்சிச் சின்னத்திலே வெல்ல வைத்தோம். வென்றவர்கள் பின்னர் கட்சி மாறியது வேறு கதை; வாக்களித்த மக்கள் எம்மை நம்பி வாக்களித்தனர். அந்நம்பிக்கை பின் எத்தனை அடி பட்டது என்பதை நாடறியும். 1990 அக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் உடுத்த துணியோடு விரட்டப்பட்டதை நாடறியும். தமிழர் பட்ட அடிகளையும் நாடறியும். இத்தனைக்கும் பின்னர் வடகிழக்கு இணைப்பென்றும் அதிகாரப் பகிர்வென்றும் முஸ்லிம்களை நோக்கிக் கை நீட்டுகிறோம். அவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றே: “உங்கள் கையிலே ஒரு பாடசாலை இருந்தபோது எங்கள் மகளை எப்படி நடத்தினீர்கள்? மாகாணம் முழுவதும் உங்கள் கையிலே வந்தால் எப்படி நடத்துவீர்கள்?” எந்தத் தமிழ்த் தலைவர் இதற்கு நேர்நின்று விடை கூறியிருக்கிறார்?

கேள்வி பழையதாகிவிடவுமில்லை. 2024 மே மாத இறுதியில் உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளியாயின. திருகோணமலை சாஹிராக் கல்லூரியின் எழுபது மாணவியருடைய பெறுபேறுகள் மட்டும் நிறுத்தி வைக்கப்பட்டன. பரீட்சை மண்டபத்தில் காது தெரியவில்லையாம்! காதிலே கருவி ஒளித்திருக்கலாமென்ற ஐயம் பரீட்சைத் திணைக்களத்துக்கு எழுந்தால், மண்டப வாயிலிலே ஒரு பெண் உத்தியோகத்தரை நிறுத்தி ஒருகணம் பார்த்து உள்ளே விட்டால் தீர்ந்தது. பரீட்சையை எழுதவிட்டு, மாதங்கள் கழித்துப் பெறுபேற்றைத் தடுப்பது மேற்பார்வையன்று, தண்டனை. அவை பின்னர் வெளியிடப்பட்டன என்பது மெய்யே. ஊரெல்லாம் பெறுபேறு பார்த்து மகிழ்ந்த நாளிலே, களவெடுத்தவள் என்ற ஐயத்தோடு வீட்டிலிருந்த எழுபது பிள்ளைகளுக்கு அந்நாட்களை எந்தத் திணைக்களம் திருப்பிக் கொடுக்கும்?

ஆகவே கல்வியமைச்சிடம் நாம் கேட்பது பெரிதொன்றுமில்லை. ஆசிரியையின் உடை முகத்தை மறைக்காதவரை அவளது தெரிவு என்பதை ஐயத்துக்கிடமின்றிச் சுற்றறிக்கையாக எழுதி, தமிழ், சிங்கள, முஸ்லிம் பாடசாலைகள் அனைத்துக்கும் ஒரே தாளில் அனுப்பட்டும். முஸ்லிம் பாடசாலையிலே கற்பிக்கும் தமிழ் ஆசிரியையை முக்காடிடச் சொல்லும் அதிபர் எங்கேனும் இருப்பாராயின் அவருக்கும் அதே தாள் போகட்டும். பரீட்சை மண்டபத்தில் என்ன பார்க்கப்படும், யார் பார்ப்பார் என்பதை அனுமதி அட்டையிலேயே தமிழில் அச்சிடட்டும். தமிழ்ப் பாடசாலைகளின் பழைய மாணவர் சங்கத்தாரும் அபிவிருத்திச் சங்கத்தாரும், அடுத்த முறை முக்காடிட்ட ஆசிரியை ஒருத்தி நியமனக் கடிதத்தோடு வருகிறாள் என்று கேள்விப்பட்டால், பதாகை எழுதத் துணி வாங்குமுன் கணித பாடத்துக்கும் விஞ்ஞான பாடத்துக்கும் தங்கள் பாடசாலையில் எத்தனை இடம் வெறுமையாயிருக்கிறதென்று அதிபரிடம் ஒருமுறை விசாரிக்கட்டும்.